அசைந்தால் வெளிச்சம்

எனக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் எங்கள் பிளாட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரிய வெகு நாளாயிற்று. படிக்கிறவர்களையும் அப்படிக் காக்க வைக்க எனக்கு மனமில்லை.

பிறவியில் வந்ததல்ல. கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை. நாக்கு நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்பார். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத் தமிழையும் மலாயையும் புரிந்துகொள்வேன். மீசை அடர்ந்தவர்களிடம்தான் கொஞ்சம் தடுமாறுவேன். ஆகவே இங்கே வரும் பேச்சில் பாதி நான் உதட்டில் படித்தது, மீதி வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னது. அவர் சொன்னதில் மசாலா கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பிளாட்டில் பெரும்பாலோர் ஒரே கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, ஆட்கள். தோட்டம் கைமாறி வீடமைப்பாக ஆனபோது மொத்தமாக இங்கே குடிவந்தவர்கள். நாங்கள் வேறு பக்கத்திலிருந்து, பிறகு வந்தவர்கள். வந்த புதிதில் என் காதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன். லிப்டில் பக்கவாட்டில் நின்று பேசினால் பதில் சொல்லமாட்டேன். அதனால் மூன்றாம் மாடிக்காரிக்குத் திமிர் அதிகம் என்று பெயராகிவிட்டது. ஆகட்டுமே என்று விட்டுவிட்டேன். காது கேட்காதவள் என்று தெரிந்துவிட்டால் எல்லார் முகத்திலும் ‘ஐயோ பாவம்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். திமிர்பிடித்தவளுக்காவது வழிவிடுவார்கள்.

நான் ரவிக்கை தைக்கிறவள். ஈப்போவில் லிட்டில் இந்தியா பக்கம் இரண்டு துணிக்கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். சொந்தமாகச் சின்னக் கார் இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது. ரோட்டில் எனக்கு ஒரு பயமும் கிடையாது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தே ஓட்டிவிடுவேன். பயமெல்லாம் எங்கள் கீழ்த்தளக் கார் பார்க்கில்தான். பாதி நிலத்துக்குள் இறங்கிய இடம் அது. ஒரு கோடியில் கார் இறங்கும் சரிவு, மறு கோடியில் முழுச் சுவர், நடுவில் இரண்டு வரிசைத் தூண்கள். மலையைப் பார்த்த பக்கம் மட்டும் காற்றுக்காகத் திறப்பு விட்டிருப்பார்கள். பகலிலேயே இருட்டாக இருக்கும். பழைய கலிமந்தாங் டியூப் விளக்குகளில் பாதி எரியாது, மீதி கண் சிமிட்டிக்கொண்டே கிடக்கும்.

அந்த இருட்டில்தான் ஒருநாள் அந்த வேன் என்மேல் ஏறப் பார்த்தது. துணி மூட்டையோடு என் காரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஏதோ காற்று பட்டதும் திரும்பினேன். பின்பக்கமாக வந்த வேன் என் மூட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாசார் சந்தையில் பூ விற்கிறவருடைய வேன். நாலாம் மாடிக்காரர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “எத்தன வாட்டி ஹாரன் அடிக்கிறது? காது செவிடாலா?” என்றார். அதை மட்டும் அவ்வளவு தெளிவாகப் படிக்க முடிந்தது. காருக்குள் போய் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவர் கார் சாவியை எடுத்துத் தன் லோரிச் சாவியோடு மாட்டிக்கொண்டார். “இனிமே நான் இல்லாம கீழ எறங்காத. நான் வந்து கொண்டு போறேன்,” என்றார்.

“ஏங்க, நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைன்னா கூப்பிட்டா காது கேக்கும்லா,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் வாடிவிட்டது. ஆனால் சாவி வரவில்லை.

அவர் டைல் கடையில் லோரி ஓட்டுகிறவர். சாயங்காலம் வீடு வந்து சேருகிற வரைக்கும் நான் தைத்த ரவிக்கைகளை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் காத்திருக்க வேண்டும். கடைக்காரி போனில் கேள்வி மேல் கேள்வியாக அனுப்புவாள். முன்பெல்லாம் நினைத்த நேரத்தில் போவேன். வழியில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே குடிப்பேன், வேடிக்கை பார்ப்பேன். எல்லாம் நின்றுபோனது. லிப்டிலிருந்து கார் கதவு வரை இருக்கும் அந்தச் சின்ன இருட்டு, ஊர் முழுவதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. நான் இப்படி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வாழப் பிறந்தவள் இல்லை. அந்த நாட்களில் என் தையல் மிஷினுக்கு வாயிருந்தால் அழுதிருக்கும், அப்படி மிதித்தேன்.

அப்போதுதான் விளக்கு வந்தது.

பிளாட் கமிட்டித் தலைவர், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த, அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். நிறுத்தி நிதானமாகப் பேசுவார், மீசை கிடையாது, எனக்குப் பிடித்தமானவர். கரண்டுக் கட்டணம் தாங்கவில்லை, கீழ்த்தளத்துக்கு எல்.ஈ.டி. போடலாம், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பளிச்சென்று எரிகிற சென்சார் விளக்காகப் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னார். உடனே பூ வேன்காரர் எழுந்துகொண்டார். “ஆளப் பாத்துத்தான் எரியுமா? அப்ப ஆள் இல்லாட்டி இருட்டா? வேணாம்லா, சூசா, பெரிய தொல்ல. நாள் பூரா பளிச்சுன்னு எரியிற மாதிரி போடுங்க,” என்றார். பலபேர் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு மாதிரியாக ஒத்துக்கொண்டார்கள்: முதலில் சென்சாரோடு போட்டுப் பார்ப்பது; ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கீழ்த்தளத்திலேயே கூடி, பிடித்திருந்தால் வைத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் சென்சாரை நிறுத்திவிட்டு எந்நேரமும் எரிகிற மாதிரி மாற்றிவிடுவது. எனக்கு அன்றைக்கு அதில் பெரிய கவலையில்லை. வெளிச்சம் வந்தால் சரி, எப்படி வந்தால் என்ன என்றுதான் இருந்தேன்.

விளக்கு மாட்ட வந்தவர் ஒரு சீன வயர்மேன். ஏணியில் நின்றபடி குனிந்து என்னைப் பார்த்து மலாயில், “ஓராங் கெராக், லம்பு தெராங். தியாடா ஓராங், டியா தீடோர்,” என்றார். ஆள் அசைந்தால் விளக்கு பளிச்சிடும், ஆள் இல்லாவிட்டால் அது தூங்கும். தூங்குவது என்றால் ஒரேயடியாக அணைந்துவிடாது. கொஞ்சமாக மங்கி நிற்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி சென்சார். பூனை நடந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரரோடு இறங்கினேன். அவர் எதையோ மறந்துவிட்டேன் என்று மேலே போனார். நான் என் கார் பக்கத்தில் அசையாமல் நின்றேன். ஒவ்வொரு விளக்காக மங்கிக்கொண்டே வந்தது. என் தலைக்கு மேலிருந்ததும் மங்கியது. சரி, இது வேறயா என்று எரிச்சலோடு நின்றேன். திடீரென்று தூரத்தில், லிப்டுப் பக்கத்து விளக்கு பளிச்சென்றது. அடுத்தது. அதற்கடுத்தது. வெளிச்சம் என்னை நோக்கி நடந்து வந்தது! அப்புறம்தான் தூணுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் வருவது, அவர் என் கண்ணில் படுவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து அப்படி ஒன்று எனக்கு நடந்ததில்லை. காது கேட்கிறவர்களுக்குச் செருப்புச் சத்தம் எப்படியோ, அப்படி இந்த விளக்கு எனக்குச் சொல்கிறது. “இன்னொரு வாட்டி வாங்க! இன்னொரு வாட்டி!” என்று நான் கத்தியதில் அவர் பயந்தே போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆவல் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு எங்கோ போனார். நான் தரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது பக்கம் தரை வெளுத்தது.

“மலைப் பக்கத்துலேர்ந்து வாரீங்க. ரெண்டாவது தூணுகிட்ட நிக்கிறீங்க,” என்றேன்.

திரும்பிப் பார்த்தால், அங்கேயே நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அப்புறம் விடவில்லை. குனிந்து வந்தார், சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தார், கடைசியில் நாலு காலில் தவழ்ந்தும் வந்தார். லோரி ஓட்டுகிற அந்தப் பெரிய உருவம் தவழ்வதை இரண்டாம் மாடி அக்கா பார்த்துவிட்டுக் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு தடவைகூட நான் ஏமாறவில்லை. கார் வந்தால் இன்னும் வேடிக்கை: சரிவில் இறங்கும்போதே வரிசையாகப் பூத்துக்கொண்டு வரும், ஒதுங்கி நிற்க நிறைய அவகாசம் இருக்கும்.

வீட்டுக்காரர் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து என் எதிரில் வந்து நின்று, நிறுத்திச் சொன்னார்: “இந்த லைட்டு இப்படியே இருந்தா, நீ தனியா எறங்கலாம். எனக்குப் பயமில்ல. ஆனா பூ அண்ணே கேக்குற மாதிரி எந்நேரமும் எரிய விட்டுட்டாங்கன்னா, சாவி என்கிட்டதான்.”

அவர் சொன்னது நியாயம்தான். எப்போதும் ஒரே மாதிரி எரிகிற விளக்கு எனக்கு ஒன்றும் சொல்லாது. ஓயாமல் தொணதொணக்கிறவர் பேச்சில் எதைக் கவனிப்பது? இது மங்குகிறதால்தான் பளிச்சிடும்போது ஒரு செய்தி இருக்கிறது. அன்றையிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நினைப்பாக இருந்தது. அவரோடு இறங்கும்போதெல்லாம் விளக்குகளைப் படித்தேன். பூனை போனால் கீழே ஒன்றிரண்டு விளக்கு மட்டும் தயங்கித் தயங்கி எரியும். ஆள் என்றால் நேராக வரும். மோட்டார் சைக்கிள் என்றால் ஒரே ஓட்டம். நானாக எழுத்துக் கற்றுக்கொண்டது மாதிரி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மற்றவர்களுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. கார் பக்கத்தில் நின்று கதை பேசுகிறவர்கள் தலையில் விளக்கு மங்கிவிடும். பேச்சை நிறுத்திக் கையை ஆட்டிவிட்டுத் தொடர வேண்டும். இரண்டாம் மாடி அக்கா, யாருமே இல்லாத மூலையில் விளக்கு தானாக எரிகிறது, முனி உலாத்துகிறார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முனி பாதி வால் அறுந்த மஞ்சள் பூனை என்று எனக்குத் தெரியும். பூ வேன்காரர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். தலைவருடைய முகத்திலும் தெம்பு குறைந்துகொண்டே வந்தது.

தலைவரைப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடு என்றார் வீட்டுக்காரர். “எனக்காகப் பாவம் பாத்து ஓட்டுப் போட வேணாம். லைட்டு நல்லாருக்குன்னு போடட்டும்,” என்றேன். வீம்புதான். ஆனால் எனக்கு வெற்றி நிச்சயமாகத் தெரிந்தது. காரையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் காலியான தளத்தில் விளக்கு ஒவ்வொன்றாக மங்குவதையும், ஆள் நடந்தால் பூத்துக்கொண்டு போவதையும் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள். அதைப் பார்த்தபின் யாருக்காவது வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா?

தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், லோரியோ டிவியோ தையல் மிஷினோ, மஞ்சள் குங்குமம் வைத்து, தோரணம் கட்டி, தேங்காய் உடைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் விளக்குக்கும் பூசை போட வேண்டும் என்று இரண்டாம் மாடி அக்கா சொன்னார். நான் ஆசையாக முதல் ஆளாக நின்றேன். காலையிலேயே பச்சைத் தென்னங்குருத்தும் மாவிலையும் வந்து இறங்கின. நான் தையல்காரி, கை வேகம் கேட்கவா வேண்டும்! கிளி மாதிரியும் கொடி மாதிரியும் குருத்தை மடித்துத் தள்ளினேன். ஸ்டூல் போட்டு ஏறி, விளக்குக்கு விளக்கு தோரணம் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு விளக்கின் கீழும் மாவிலைக் கொத்து தொங்கவிட்டோம். சுவரோரத்துக் கடைசி விளக்குக்கு மட்டும் குருத்து பற்றவில்லை, அது மொட்டையாக நின்றது. பார்க்கக் கல்யாண மண்டபமே தோற்றுவிடும். அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்து, “ஒனக்கு நல்ல கை தங்கச்சி,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேங்காய் உடைந்தது, சாம்பிராணி போட்டார்கள். எல்லாரும் சரிவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் முன்வரிசையில், தலைவருடைய உதடு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, “எல்லாரும் கொஞ்ச நேரம் அசையாம இருங்கோ. இப்ப லைட்டெல்லாம் எப்படி மங்குதெண்டு பாருங்கோ,” என்றார்.

எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். விளக்கு மங்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம். அத்தனை விளக்கும் பளபளவென்று எரிந்துகொண்டே இருந்தது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒரு மாதமாக ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. பூ வேன்காரர் எழுந்து திரும்பி நின்று ஏதோ சொன்னார், நாற்காலிகள் எல்லாம் குலுங்கிச் சிரித்தன. அவர் சொன்னதை வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி உதட்டசைத்துச் சொன்னார்: “ஒரு மாசத்துலயே ரோசாக்காம், கெட்டுப்போச்சாம். இந்தச் சென்சாரக் கழட்டிப் போட்டுட்டு எந்நேரமும் எரிய விடலாம், கையத் தூக்குங்கங்கிறாரு.”

சிலர் கையைத் தூக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலோரமும் மடித்து வைத்த ரவிக்கையும்தான் இனி என்று நினைத்தபோது, பார்க்கப் பிடிக்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கே அந்தக் கடைசி விளக்கு மங்கியிருந்தது. அது ஒன்று மட்டும். தோரணம் பற்றாமல் மொட்டையாக விட்ட விளக்கு.

மேலே பார்த்தேன். மலைப் பக்கத் திறப்பு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நான் மடித்த கிளிகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. மாவிலைக் கொத்துகள் விளக்குக்கு நேர் கீழே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன. பூனை வாலையே கண்டுபிடிக்கிற விளக்கு, மூக்குக்குக் கீழே இத்தனை இலை ஆடினால் எப்படித் தூங்கும்? அது பாட்டுக்குத் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. முட்டாள்தனம் முழுக்க எங்களுடையது, அதில் பெரும்பங்கு என் வேகமான கைக்கு!

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏறி முதல் தோரணத்தைப் பிடித்து இழுத்தேன், அறுந்து விழுந்தது. அடுத்தது. அக்கா ஓடிவந்து என் காலைப் பிடித்தார். பூசை போட்ட தோரணத்தை அறுப்பது அபசகுனம். அவர் முகத்தில் அது பச்சையாகத் தெரிந்தது. “என்னா பண்றே! பைத்தியமாலா ஒனக்கு?” என்றார். “இலை ஆடுதுக்கா! இலை ஆடுறதுக்கு லைட்டு எரியுது!” என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு ஸ்டூல் தேவையில்லை, கையை நீட்டினாலே எட்டும். இரண்டு பேருமாகப் பிடுங்கிக்கொண்டே போனோம். தரையெல்லாம் பச்சை. பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசி மாவிலைக் கொத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து கூட்டத்தோடு நின்றோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவர்ப் பக்கமிருந்து ஒன்று மங்கியது. இன்னொன்று. வரிசையாக எங்களை நோக்கி மங்கிக்கொண்டே வந்தது. தலைவர் குழந்தை மாதிரிக் கையைத் தட்டினார்.

ஆனால் வேன்காரர் விடுகிற ஆளா? மைக்கை வாங்கிக்கொண்டு, “சரிலா, மங்குது. மங்கி என்னா பிரயோசனம்? கரண்டு மிச்சமானா கமிட்டிக்கு. நமக்கு என்னா?” என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அக்காவும் அவர் பக்கம் தலையாட்டினார். அப்போது எனக்கு வந்த ஆவேசத்தில் யோசிக்கவே இல்லை. போய் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

“எனக்குக் காது கேக்காது!”

மைக்கில் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

“ரெண்டு காதும் கேக்காது. நீங்க பின்னால கூப்பிட்டப்ப நான் திரும்பாதது அதுக்குத்தான், திமிருக்கில்ல. திமிரும் இருக்கு, அது வேற.” யாரோ சிரித்தார்கள். வேன்காரர் சிரிக்கவில்லை. “இந்த லைட்டு வந்தப்புறம்தான் ஆள் வர்றது எனக்குத் தெரியுது. எந்நேரமும் எரிஞ்சா தெரியாது. நம்பலைன்னா பாருங்க. நான் அங்க போய் சுவத்தப் பாத்து நிக்கிறேன். எந்தப் பக்கத்துலேர்ந்து வேணும்னாலும் வாங்க. நான் சரியாச் சொன்னா, லைட்டு இப்படியே இருக்கட்டும்னு கையத் தூக்குங்க.”

மைக்கை அவர் கையிலேயே திணித்துவிட்டு நடந்தேன். என்னோடு வெளிச்சமும் நடந்து வந்தது. சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றேன். அசையாமல் நின்றேன். பின்னால் எல்லாம் மங்குகிற வரைக்கும் காத்திருந்தேன். வலது பக்கம் தரை வெளுத்தது.

“லிப்டுப் பக்கம், தூணு பக்கத்துல!” என்றேன். வெளிச்சம் அப்படியே நின்றது. பிறகு மலைப் பக்கம் வெளுத்தது, சொன்னேன். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். “ரெண்டு பேரு! ஏமாத்தாதீங்க!” என்றேன். அடுத்து சரிவுப் பக்கமிருந்து நேராக, மெதுவாக, நின்று நின்று ஒரு வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் வந்தது. அது யார் என்று தெரியவில்லை, ஆனால் எங்கே என்று தெரிந்தது. “என் பின்னால. கைய நீட்டினா தொடுற தூரம்,” என்றேன். யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

திரும்பியிருக்கலாம். ஆனால் என் கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தோடு அத்தனை பேர் முன்னால் திரும்ப எனக்கு இஷ்டமில்லை. திரும்பினால் அந்த ‘ஐயோ பாவம்’ வரிசையாக உட்கார்ந்திருக்கும் என்ற பயமும் இருந்தது. சுவரைப் பார்த்தபடியே நின்றேன். என் தலைக்கு மேலே மங்கியது. பின்னால் ஒவ்வொன்றாக மங்கி, தளம் முழுவதும் அரையிருட்டானது. மைக்கில் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள், எழுந்து போய்விட்டார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. சிமெண்டுச் சுவரில் ஒரு வெடிப்பு மேலிருந்து கீழாக ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று என் நிழல் அந்தச் சுவரில் விழுந்தது. பின்னால், சரிவுப் பக்கம் முழுக்க, ஒரு விளக்கு பாக்கியில்லாமல் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்தது. இப்படி எரிய ஒரு ஆள் போதாது, நாலு ஆளும் போதாது.

திரும்பினேன். அத்தனை பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். பூ வேன்காரர் மட்டும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.